வாழையைச் சாய்ப்பது காற்றின் வேகம் மட்டுமா?

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் வாழை பயிரிடும் விவசாயிகள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பலத்த காற்றில் தோட்டம் முழுவதும் ஒரே சீராகச் சாய்வதில்லை. காற்று வரும் பக்கத்து ஓர வரிசைகளே முதலில் சேதமடைகின்றன. மதிற்சுவரின் மறைவில் உள்ள மரங்களும் சில சமயம் முறிகின்றன. இதற்குக் காரணம் காற்றின் வேகம் மட்டுமன்று, அதன் சுழிப்பும் ஆகும்.

வாய்க்காலைப் பாருங்கள். நடுவில் நீர் விரைந்து ஓடுகிறது. கரையை ஒட்டிய நீர் மெதுவாகச் செல்கிறது. அங்கே கல்லோ கோரையோ இருந்தால் நீர் சுழிக்கிறது. காற்றும் அவ்வாறே. தரையைத் தொடும் காற்று ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மேலே செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. இப்படித் தரையின் உராய்வால் வேகம் குறைந்த காற்றடுக்கிற்கு 'எல்லைப் படலம்' என்று பெயர். ஜெர்மன் அறிஞர் லுட்விக் பிராண்டல் 1904-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார்.

வயல்வெளிக் காற்றில் எப்போதும் ஓரளவு சுழிப்பு உண்டு. தரை கரடாக இருந்தால் அது மிகுதியாகும். பெருமாள் ஏரியின் நீர்ப்பரப்பும், அறுவடை முடிந்த நெல் வயலும் காற்றுக்கு வழுவழுப்பான பாதை. அவற்றின் மேல் விரைந்து வரும் காற்று, உயர்ந்த வாழைத் தோட்டத்தில் திடீரென மோதுகிறது. அங்கே சிதறிச் சுழல்களாக மாறி, மரத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. குலை தள்ளிய மரம் இந்த ஆட்டத்தைத் தாங்குவதில்லை.

அப்படியானால் சுவர் எழுப்பினால் போதாதா? போதாது. சுவர் காற்றை முழுவதும் தடுப்பதால், காற்று மேலே ஏறிக் குதித்து, மறுபுறம் பெருஞ்சுழலாக இறங்குகிறது. ஆனால் சவுக்கு போன்ற மர வரிசையில் பாதிக் காற்று தடைபட்டு, மீதி கிளைகளின் ஊடே வடிந்து செல்கிறது. அதனால் பின்புறம் பெருஞ்சுழல் உண்டாவதில்லை. வேலியில் 40 முதல் 50 சதவீதம் இடைவெளி இருப்பது நலம். அத்தகைய வேலி, தன் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரத்திற்குப் பயன் தரும். 10 மீட்டர் உயரச் சவுக்கு சுமார் 100 மீட்டர் வரை காக்கும். காற்றின் வேகம் பாதியானால், மரத்தின் மேல் விழும் விசை கால் பங்காகக் குறையும்.

வேலி அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஆடி மாத மேல்காற்றுக்குக் குறுக்காக, மேற்கு எல்லையில் தெற்கு வடக்காக நடவும். இடமிருந்தால் வடக்கு எல்லையிலும் நடலாம்.

2. இரண்டு அல்லது மூன்று வரிசைகளை, ஒரு வரிசை மரம் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு நடவும்.

3. வேலியின் நடுவே வழி விட வேண்டாம். அந்தச் சந்தில் காற்று மேலும் விரைந்து பாயும். வழியை ஓரத்தில் வைத்துக் கொள்ளலாம்.

4. விறகுக்காக அடிக்கிளைகளை முழுவதும் கழிக்கக் கூடாது. கழித்தால் காற்று அடியில் புகுந்து வாழையைத் தாக்கும்.

5. மூன்று, நான்கு ஆண்டில் சவுக்கை வெட்டி விற்பது வழக்கம். எல்லா வரிசைகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், ஒரு வரிசை வளர்ந்த பின் அடுத்ததை வெட்டவும்.

6. சவுக்கு வேர் வாழையின் நீரையும் உரத்தையும் பங்கு கேட்கும். எனவே இரண்டிற்கும் இடையே சில மீட்டர் இடம் விட்டு, சிறு பள்ளம் தோண்டி வேரைத் தடுக்கவும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில், காற்றின் வேகம் மணிக்கு 140 கி.மீ. வரை எட்டியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, சவுக்கும் தப்பவில்லை. அத்தகைய புயலை எந்த மர வேலியும் தடுக்காது. புயல் நகர நகரக் காற்றின் திசையும் மாறும். ஆகவே வேலி இருந்தாலும், குலை தள்ளிய மரங்களுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பதும், பயிர்க் காப்பீடு செய்வதும் அவசியம்.

ஆனால் புயல் எப்போதோ வருவது. மேல்காற்று ஆண்டுதோறும் வருவது. இன்று நட்ட சவுக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழையை விட உயர்ந்து நிற்கும். வாழைக் கன்று வாங்கும் முன்பே வேலிக்குச் சவுக்குக் கன்று நட்டுப் பயன் பெறலாம்.