வேரில்லாமல் நிலம் ஆக்கும் பாசி

மாரி தொடங்கிச் சில நாட்களில் கிணற்றுக் கட்டிலும், பழைய மதிலிலும், கூரை ஓட்டிலும் மெத்தை போலப் பச்சையாகப் படர்வதை நாம் பாசி என்கின்றோம். கமக்காரருக்கு அதனால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. கால் வழுக்காமற் பார்த்து நடந்தாற் போதும். ஆனால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சாதிப் பாசி, குளிர் நாடுகளில் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைத் தானே ஆக்கியிருக்கின்றது. அதன் பெயர் ஸ்பக்னம்.

வடக்கு, கிழக்கின் வரண்ட காணிகளில் இதைத் தேடினாற் கிடைக்காது. இருந்தும் இதைப் பற்றி அறிவதிற் பயனுண்டு. பழகிய மண்ணை விட்டு வந்து, மணற்தரையிலோ கல்லுத்தரையிலோ புதிதாகப் பயிர் வைக்கும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி, ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரம் மண்ணில் நிற்கும் என்பதே. அக்கேள்விக்கு இயற்கை கண்ட விடைகளில் ஒன்றுதான் ஸ்பக்னம். அது தரும் மண்ணுக்குப் பதிலாக இன்று வெளிநாட்டார் வாங்கும் பொருள் எமது தென்னந்தோட்டங்களிலிருந்தே போகின்றது.

பாசியென்பது எது?

குளத்து நீரில் வழுவழுப்பாக மிதப்பதையும் பாசி என்றே சொல்லுகின்றோம். அது அல்கா என்னும் வேறு கூட்டம். நாம் இங்கு பேசுவது மதிற்பாசியின் கூட்டத்தை. இவற்றுக்குச் சிறு தண்டும் இலையும் உண்டு. உண்மையான வேர் இல்லை; பூவும் விதையும் இல்லை. தூள் போன்ற நுண்ணிய வித்திகளாற் பரவுகின்றன. ஸ்பக்னத்தின் வித்திகள் செடியின் நுனியில் நிற்கும் சிறிய சிமிழொன்றினுள் இருக்கும். வெயிலில் அச்சிமிழ் காய்ந்து சுருங்கும்போது உள்ளேயுள்ள காற்று நெருக்கப்பட்டு, மூடி வெடித்துத் திறக்கும். வித்திகள் 10 சென்ரிமீற்றருக்கும் மேலாக எழும்பிக் காற்றிற் கலந்துவிடும்.

சாதியும் இனமும்

தாவரவியலார் சொல்லும் சாதி, இனம் என்பவற்றை நெல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் ஒரே இனத்தின் இரு வர்க்கங்கள். நாம் விதைக்கும் நெல்லும், வயலோரத்திற் களையாக வரும் காட்டுநெல்லும் வெவ்வேறு இனங்கள். ஆயினும் அவை இரண்டும் ஒறைசா என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. அதுபோல ஸ்பக்னம் என்பது ஒரு சாதி. அதனுள் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. சில ஆய்வாளர் கூட்டியும் சிலர் குறைத்தும் எண்ணுவர்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலிலிருந்தே இச்சாதியின் பெயர் கணக்கில் எடுக்கப்படுகின்றது. மற்றப் பாசிகளின் பெயர்களுக்கோ, ஹெட்விக் என்பாரின் நூல் 1801 இல் வெளிவந்த காலமே தொடக்கமாகும். ஸ்பக்னம் மற்றப் பாசிகளிலிருந்து பல வகையிலும் வேறுபடுவதால் அதற்கெனத் தனி வகுப்பே வகுத்துள்ளனர். அவ்வகுப்பில் இதற்கு நெருங்கிய உறவென்று சொல்லத்தக்க சாதிகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்றான அம்புகனானியா, அவுஸ்திரேலியாவின் தென்புறத்துத் தஸ்மானியாத் தீவில் மட்டும் காணப்படுகின்றது.

சாதியினுள் முக்கியமாக ஐந்து உபசாதிகளைப் பிரிக்கின்றனர். அவையாவன:

1. ஸ்பக்னம்: சாதியின் பெயரையே கொண்ட உபசாதி. தடித்த கிளைகள், இலைகள் தோணி போற் குழிந்து, நுனி மூடியவை.
2. அக்கியூற்றிபோலியா: மெல்லிய செடிகள், கூரிய இலைகள். சிவப்பும் கபிலமும் இதிற் பெருமளவு உண்டு.
3. கஸ்பிடாற்றா: தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் வாழ்பவை பல இதைச் சேர்ந்தவை.
4. சப்செக்குண்டா: இலைகள் ஒரு பக்கமாக வளைந்தவை. நிலத்து உப்புகள் சிறிது கலந்த நீரை விரும்புபவை இதில் உண்டு.
5. ரிஜிடா: விறைத்த, நெருக்கமான செடிகள். ஈரமான வெளிகளில் வளரும்.

கண்ணாற் பார்த்து உபசாதியை ஓரளவு சொல்லலாம். இனத்தை உறுதியாகச் சொல்ல நுணுக்குக்காட்டி வேண்டும். அதுவும் போதாத வேளை உண்டு. தென்னமெரிக்காவின் மகலன் நீரிணையின் பெயரைத் தாங்கிய மகலானிக்கம் என்னும் சிவந்த இனம் உலகின் இரு பாதிகளிலும் வளருவதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணுவை ஆராய்ந்தவர்கள் 2018 இல் அதை மூன்றாகப் பிரித்தனர். பழைய பெயர் தென்னமெரிக்கச் செடிக்கு மட்டும் நின்றது. வடபாதியிலுள்ளவை மீடியம், டிவினம் எனப் பெயர் பெற்றன. மீடியம் பெரும்பாலும் மழைநீர் மட்டும் கிடைக்கும் திறந்த சதுப்பிலும், டிவினம் சதுப்பின் ஓரங்களிலும் மரங்கள் உள்ள இடங்களிலும் வளருகின்றன. உருவத்தில் ஒன்றாகத் தோன்றியவற்றை அவை வாழும் இடமும் வேறுபடுத்திக் காட்டுகின்றது.

தண்ணீரைப் பிடிக்கும் விதம்

ஸ்பக்னத்தின் இலை ஒரேயொரு கலத்தின் தடிப்புடையது. அதில் இரு வகைக் கலங்கள் உள்ளன. ஒடுங்கிய பச்சைக் கலங்கள் உயிருள்ளவை; வலைபோற் பின்னி நின்று உணவு ஆக்குபவை. அவற்றின் இடையே உள்ள பெரிய கலங்கள் இறந்து வெறுமையானவை. அவற்றின் சுவரிலே துவாரங்கள் உண்டு. உள்ளே வளையம் போன்ற நார்கள் தாங்குவதாற் காய்ந்தாலும் அவை முற்றாக ஒடுங்கா. இந்த வெற்றுக் கலங்களே தண்ணீர்த் தொட்டிகள். உலர்ந்த பாசி தன் நிறையிலும் 15 முதல் 20 மடங்கு வரை நீரை ஏற்கக்கூடியது.

கிளைகளிலும் இரு வகை உண்டு. சில வெளியே விரிந்து நிற்கும். சில தண்டோடு ஒட்டித் தொங்கும். தொங்கும் கிளைகள் விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது போல நீரைக் கீழிருந்து மேலே ஏற்றுகின்றன. வேர் இல்லாத குறை இவ்வாறு தீருகின்றது.

நீரை உறிஞ்சும் இக்குணம் வைத்தியத்துக்கும் உதவியது. முதலாம் உலகப் போரிற் பஞ்சு போதாமற் போகவே, பிரித்தானியாவில் ஊரார் சதுப்புகளிற் சேர்த்துத் துப்புரவாக்கிய ஸ்பக்னம் காயங்களுக்குக் கட்டப் பயன்பட்டது. 1918 அளவில் மாதத்துக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் கட்டுகள் செய்யப்பட்டன.

இறந்தது அழியாத இடம்

இப்பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து கல்சியம் போன்ற சத்துகளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அமிலத்தை வெளிவிடுகின்றது. அதனால் நீர் தக்காளிச் சாற்றின் அளவுக்குப் புளிக்கின்றது. அதன் பி.எச். பெறுமானம் 4 அளவில் நிற்கும். அந்தப் புளிப்பைத் தாங்காத பல செடிகள் ஒதுங்கிவிடுகின்றன. உக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அங்கே மெதுவாகவே வேலை செய்யும். நீர் நிறைந்த அடுக்குகளிற் காற்றும் இல்லை.

ஸ்பக்னத்தின் நுனி வளர்ந்துகொண்டே போக, அடிப்பாகம் இறந்து, உக்காமற் சேருகின்றது. நூற்றாண்டுகள் கழிய அது கபில நிறமான பஞ்சு போன்ற மண்ணாகின்றது. இதற்குப் பீற் என்று பெயர். இது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே உயரும். ஒரு மீற்றர் பீற் சேர ஆயிரம் ஆண்டு வேண்டும். 1950 இல் டென்மார்க்கின் சதுப்பொன்றில் பீற் வெட்டியவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தனர். முகத்தின் சுருக்கங்கள்கூட அழியவில்லை. அவன் இறந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

மேடும் பள்ளமும்

வயலில் மேட்டுக்கு ஒரு நெல், பள்ளத்துக்கு ஒரு நெல் என்று பார்த்து விதைப்பவர்களுக்குச் சதுப்பின் அமைப்பு எளிதில் விளங்கும். சதுப்பு தூரத்திற் சமதரையாகத் தோன்றினாலும், கிட்டப் போனாற் சிறு மேடுகளும் குழிகளும் தெரியும். அரை மீற்றர் உயர வேறுபாட்டுக்குள் இனங்கள் தத்தம் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேட்டின் உச்சியில் கபில நிறமான பஸ்கம் இருக்கும். அது நெருக்கமாக வளருவதால் ஈரத்தை விடாது. இடைத்தரையிற் சிவந்த மீடியம் இருக்கும். தண்ணீர் நிற்கும் குழியிற் கஸ்பிடாற்றம் நனைந்த இறகு போல மிதக்கும். எந்த இனம் நிற்கின்றது என்று பார்த்தே நிலநீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளதென்று பழகியவர்கள் சொல்லிவிடுவர்.

மழைநீரை மட்டும் நம்பிய சதுப்புகளும், ஊற்றுநீரும் ஓடைநீரும் சேரும் சதுப்புகளும் உண்டு. முன்னதிற் சத்துக் குறைவு, புளிப்பு அதிகம். பின்னதிற் சப்செக்குண்டாக் கூட்டத்தினரைக் காணலாம். நிழலான ஈரக் காடுகளில் ஸ்குவறோசம் என்னும் இனம் வளரும். கனடா, ருசியா, பின்லாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளில் இச்சதுப்புகள் பரந்துள்ளன. தென்னமெரிக்காவின் தென்கோடியிலும் இவை உண்டு. வெப்ப நாடுகளில் ஸ்பக்னம் பெரும்பாலும் குளிர்ந்த மலைகளில் ஒதுங்கும். பீற் எல்லாம் இப்பாசியால் வந்ததென்று எண்ணக்கூடாது. இந்தோனேசியாவின் தாழ்நிலங்களில் உள்ள பீற் பெரும்பாலும் காட்டு மரங்களால் ஆனது.

வெட்டுவதும் மீட்பதும்

உலக நிலப்பரப்பில் பீற் நிலம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான். ஆனால் உலகக் காடுகளின் மரங்களெல்லாம் வைத்திருக்கும் கரியிலும் கூடிய கரி அதில் அடங்கியுள்ளது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தவுடன் காற்று உட்புகுந்து, உக்காமற் கிடந்தது உக்கத் தொடங்கும். கரி வாயுவாக வெளியேறும், நிலமும் தாழும். எரிபொருளுக்கும் பூச்சாடி மண்ணுக்குமாக நெடுங்காலம் இவ்வாறு வெட்டினர். அயர்லாந்தின் அரச நிறுவனமான போர்ட் ந மோனா, பீற் வெட்டுவதை முற்றாக நிறுத்துவதாக 2021 இல் அறிவித்தது.

கனடாவில் வெட்டி முடித்த நிலத்தை மீட்க ஒரு முறை வழக்கத்தில் உள்ளது. வாய்க்கால்களை அடைப்பர். உயிருள்ள சதுப்பின் மேற்பாசியைச் சிறிதளவு எடுத்து, துண்டாக்கி, அதைப்போற் பத்து மடங்கு பரப்பில் தூவுவர். வெயிலிற் காயாதபடி மேலே வைக்கோல் பரப்புவர். சில ஆண்டுகளிற் பாசி மீண்டும் மூடிவிடும். பாசி திரும்பினாலும் பீற் உடனே திரும்பாது. அதற்கு அதன் பழைய கணக்குப்படியே காலம் வேண்டும்.

எமது தும்புத்தூள்

பீற்றுக்குப் பதிலாக வெளிநாட்டு நாற்றுத் தோட்டங்கள் வாங்குவது தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது கழியும் தூளை. இலங்கையிலிருந்து அது கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகின்றது. ஸ்பக்னத்தின் வெற்றுக் கலங்கள் செய்வதைத் தும்புத்தூளின் வெற்றுக் கலங்களும் செய்கின்றன. தன் நிறையிலும் பல மடங்கு நீரை அது பிடித்து வைக்கும். பீற் அளவுக்குப் புளிப்பும் இல்லை.

இதை வீட்டிற் பயன்படுத்துபவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மட்டை உவர்நீரில் ஊறியிருந்தால் தூளில் உப்பு இருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று தரம் ஊறவிட்டு வடிக்க வேண்டும். இரண்டாவது, தூளில் பயிருக்கு வேண்டிய உணவு மிகக் குறைவு. கூட்டெருவும் மேல்மண்ணும் சம பங்காகச் சேர்த்தால் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கு ஏற்ற கலவையாகும். மூன்றாவது, புதுத் தூளைத் தனியே மண்ணிற் கொட்டினால் அது உக்கும்போது பயிருக்குரிய நைதரசனை நுண்ணுயிர்கள் எடுத்துவிடும். ஆதலால் சாணத்தோடு சேர்த்துச் சில மாதம் உக்கவிட்டுப் போடுவது நல்லது. தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி மட்டைகளை அடுக்கிப் புதைக்கும் பழைய வழக்கமும் ஈரத்தைத் தேக்கும் இதே குணத்தைப் பயன்படுத்துவதுதான்.

ஒரு மீற்றர் மண்ணுக்கு ஆயிரம் ஆண்டு எடுக்கும் பாசியின் வேலையைச் சில மழைக்காலங்களில் நாம் செய்ய முடியாது. ஆனால் மணற்தரையிலும் ஒரு பாத்தியளவு இடத்தில் தண்ணீர் நிற்கச் செய்யலாம். தும்பாலையின் பின்புறத்திற் குவிந்து கிடக்கும் தூளை எரிக்காமல், அடுத்த போக நாற்றுமேடைக்கு இப்போதே கழுவி ஊறவைக்கத் தொடங்கலாம்.