கழிவு நீரும் அதனைத் தெளிவிக்கும் சிற்றுயிர்களும்

நாம் குளித்தும் துவைத்தும் பாத்திரங் கழுவியும் புறத்தே விடுகின்ற நீர் எங்குச் செல்கின்றதென்று ஆராய்வார் மிகச் சிலரே. குளியலறைத் தூம்பினுட் புகுந்ததோடு அதன் சரித்திரம் முடிந்ததென்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அங்கேதான் அது தொடங்குகின்றது. எப்பொருளும் எறியப்பட்டதனால் இல்லாதொழிவதில்லை. அதன் இடமும் வடிவுமே மாறுகின்றன என்பது இரசாயன நூலின் முதற் பாடமாகும். அப்பாடத்தை நகரங்கள் கற்றுக்கொண்ட விதத்தையும், அதனால் விளைந்த ஒரு வியத்தகு முறையையும் ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

ஊர்ச் சாக்கடை நீரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 999 கூறு வெறும் நீரே. எஞ்சிய ஒரு கூறே இத்தனை தொல்லைக்குங் காரணம். உணவுத் துணுக்கு, மலம், எண்ணெய், சவர்க்காரம் முதலியன அதில் அடங்கும். இவை ஆற்றிற் சேர்ந்தவுடன், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் இவற்றை உண்டு பெருகுகின்றன. அப்போது நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்துச் செலவிடுகின்றன. அவ்வாயுவோ நீரில் மிகச் சிறிதளவே உண்டு. உறையும் நிலையிலுள்ள குளிர்ந்த நீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவு கொள்ளும். 30 பாகை வெப்பமுள்ள நம் நாட்டு நீர் ஏறக்குறைய 7½ மில்லிகிராமே கொள்ளும். ஆனால் ஒரு லிட்டர் வீட்டுக் கழிவு நீரிலுள்ள அழுக்கைச் சிற்றுயிர்கள் ஐந்து நாளிற் சிதைப்பதற்குப் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு வேண்டும். வரவினுஞ் செலவு பன்மடங்கு மிகுந்த குடும்பம் நொடித்துப்போவது போலவே ஆறும் நொடித்துப்போகின்றது. மீன்கள் மூச்சு முட்டி மடிகின்றன. பின்னர், பிராணவாயு இன்றியே வாழவல்ல வேறு சிற்றுயிர்கள் தலையெடுத்து, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. நீரும் கரிய நிறமடைகின்றது.

இந்நிலையை இலண்டன் மாநகர் 1858-ஆம் ஆண்டுக் கோடையில் எய்தியது. தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பொறுக்கலாற்றாது, பார்லிமெண்டு மாளிகையின் திரைச் சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடிற் தோய்த்துத் தொங்கவிட்டனர். அதன் பின்னர் ஜோசப் பாசல்கெட் என்னும் எஞ்சினீயர் அமைத்த பெருஞ் சாக்கடைகள் நகரின் கழிவைச் சேர்த்து, கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இடங்களிற் கொண்டுபோய் ஆற்றில் விட்டன. நகருக்கு அது பெரும் நன்மையே. எனினும் கழிவு தூய்மையாகவில்லை, இடமே மாறிற்று. 1878-ஆம் ஆண்டில் அவ்விடத்திற்கு அணித்தாக ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் உல்லாசப் படகு மோதுண்டு மூழ்கி 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வீழ்ந்தது சாக்கடை கலந்த நீரில் என்பது அப்போது பெருங் கண்டனத்தை எழுப்பிற்று. பின்னர்க் கசட்டைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டத் தொடங்கினர். 1887-இல் தொடங்கிய அவ்வழக்கம் 1998 வரை நீடித்தது. மீண்டும் இடமே மாறியது காண்க.

கழிவை வேறிடத்திற்கு ஓட்டுவதை விடுத்து, அதனையே மாற்றியமைக்கும் வழி மான்செஸ்டர் நகரிற் புலப்பட்டது. 1912-ஆம் ஆண்டில் கில்பர்ட் பௌலர் என்னும் இரசாயன அறிஞர் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாகாணத்து லாரன்ஸ் சோதனை நிலையத்தில், சாக்கடை நீருட் காற்றைச் செலுத்தி நடத்தப்பட்ட ஆராய்ச்சிகளைக் கண்டு மீண்டார். அவருடைய தூண்டுதலால் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் டேவிஹியூம் கழிவு நீர் நிலையத்திற் சோதனை தொடங்கினர். முதன்முறை அழுக்கு முற்றும் மாறுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரஞ் சென்றது. அவ்வளவு காலம் எந்நகரந்தான் காத்திருக்கும்? அவ்விருவரும் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியிற் படிந்த கசட்டை எறியாது வைத்திருந்து, அதன்மேற் புதிய சாக்கடை நீரை ஊற்றி மறுபடியுங் காற்றைச் செலுத்தினர். முறைதோறும் கசடு பெருகிற்று, காலம் குறுகிற்று. இறுதியில் ஒரு நாளுக்குள் அவ்வேலை முடிந்தது. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அவர்கள் இதனை அறிஞர் கூட்டத்தில் வெளியிட்டனர். பௌலர் 1916-இல் நம் நாட்டிற்கு வந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தார்.

இதன் மருமம் நம் வீட்டுப் பெண்டிர் அறிந்ததே. நேற்றைய தயிரிற் சிறிது எடுத்துவைத்து இன்றைய பாலுக்கு உறை குத்துகின்றனர் அல்லரோ? கசடு என்று இகழப்பட்டது அழுக்கை உண்டு பழகிய சிற்றுயிர்க் கூட்டமேயாகும். அதனைக் காத்தலே முறையின் உயிர்நிலை. இக்காலத்து நிலையங்களிலும் இதுவே நடைபெறுகின்றது. முதலில் கம்பித் தடுப்புகள் துணி, குச்சி முதலியவற்றை நிறுத்துகின்றன. பின் மணலும், அதன்பின் கனத்த அழுக்கும் தொட்டிகளிற் படிகின்றன. அடுத்த தொட்டியிற் காற்றைச் செலுத்தி, சிற்றுயிர்களைச் சில மணி நேரம் உண்ணவிடுகின்றனர். அப்பால் நீரை அசைவின்றி நிறுத்தினால் அவை திரண்டு அடியிற் படிகின்றன. அவற்றுட் பெரும்பகுதியைக் காற்றுத் தொட்டிக்கே மீளச் செலுத்தி, மிகுதியை மூடிய கலத்துள் நொதிக்கவிட, எரிதற்குரிய மீத்தேன் வாயு கிடைக்கின்றது.

இவ்வாறு தெளிந்த நீரை மேலும் வடிகட்டினால் அது மீண்டும் பயன்படும். நமீபியா நாட்டு விந்தோக் நகரில் 1968 முதலே அதனைக் குடிநீராக்கி வருகின்றனர். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் வீதம் கழிவு நீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் நிலையங்கள் 2019-இல் தொடங்கப்பட்டன. ஏரிகள் வறண்டு நகர் தண்ணீருக்குத் தவித்த ஆண்டும் அதுவே. தொழிற்சாலை ஏற்கும் ஒவ்வொரு குடம் கழிவு நீருக்கும் ஒரு குடம் நன்னீர் மக்களுக்கு மிஞ்சுமன்றோ?

ஆயினும் இயந்திரங்கள் மட்டும் இதனை முடித்துவிடா. ஆலைகளின் நஞ்சு கலந்தால் சிற்றுயிர்கள் மடியும். மின்சாரம் தவறினால் அவை மூச்சின்றி வாடும். சமையலறைக் கொழுப்பும், கந்தைத் துணியும், பிளாஸ்டிக் உறையும் குழாயை அடைத்தால், அடைப்பெடுக்க ஒரு மனிதன் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்க நேர்கின்றது. முன்னர்க் கூறிய ஐதரசன் சல்பைடு அங்கே தேங்கி நிற்கும். செறிவு மிகுந்தவிடத்து அது மோப்ப உணர்ச்சியையே மழுங்கச்செய்து, சில நொடிகளில் உயிரைக் கவரும். தக்க காப்பின்றி ஒருவரை அவ்வாறு இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென விலக்கியுள்ளது. அதன் பின்னரும் உயிரிழப்புகள் நின்றபாடில்லை.

ஆதலின் தூம்பினுள் எதனை விடலாம், எதனை விடலாகாது என்பது நம் ஒவ்வொருவரையும் பற்றிய விஷயமாகும். இரசாயனமும் உயிர் நூலும் எஞ்சினீயர்த் தொழிலும் பயிலும் நம் மாணவர்க்கோ இத்துறையிற் செய்யவேண்டிய வேலை மிகவுண்டு. எவரும் குழியுள் இறங்காமலே அடைப்பெடுக்குங் கருவியும், சிற்றூர்க்கு ஏற்ற எளிய தெளிப்பு முறையும் பெருகுதல் வேண்டும். எறியத்தக்கதென்று கருதப்பட்ட கசட்டை உற்று நோக்கிய இருவரால் உலகுக்கு ஒரு நன்மை விளைந்தது. நம்மவரும் அவ்வாறே நோக்கக் கற்பாராக.