"இன்னும் கொஞ்சம் கிட்ட போ": ஒரு பறவைப் படத்துக்கு நான் சொன்ன தப்பான கருத்து

இன்னிக்கு என்னோட ஒரு தப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஏப்ரல் மாசம், ஞாயிற்றுக்கிழமை காலைல வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. அனுப்பினது எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன். கேமரா வாங்கி மூணு மாசம்தான் ஆகியிருந்தது. சென்னை பெரும்பாக்கம் ஏரிக்கரைல எடுத்த படம். சிவப்புமூக்கு ஆள்காட்டி ஒண்ணு இறக்கையை விரிச்சு, நேரா கேமராவைப் பார்த்துக் கத்துது. "எப்படிண்ணா இருக்கு?"ன்னு கேட்டிருந்தான்.

நான் போட்ட பதில்: "செம ஆக்‌ஷன்டா! இன்னும் கொஞ்சம் கிட்ட போயிருந்தா ஃப்ரேம் நிறைஞ்சிருக்கும்."

கிட்ட போனான். அடுத்த வாரம் வந்த படத்துல பறவையே இல்ல. வெறும் தரையில, கூழாங்கல் நிறத்துல நாலு முட்டை. அப்பதான் எனக்கு உறைச்சது. முதல் படத்துல நான் ரசிச்சது ஆக்‌ஷன் இல்ல, பதற்றம்.

ஆள் வந்தா கத்திக் காட்டிக்கொடுக்கிறதாலதான் அந்தப் பறவைக்கு ஆள்காட்டின்னே பேரு. மரத்துல கூடு கட்டாது. திறந்த தரையிலதான் முட்டை வைக்கும். நம்ம ஊர் வெயில்ல அடைகாக்கிறதுன்னா சூடு கொடுக்கிறது மட்டும் இல்ல, நிழல் கொடுக்கிறதும்தான். வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். நாம பக்கத்துல நிக்கிற வரைக்கும் அது திரும்பி வந்து உட்காராது. முட்டை வெயில்ல கிடக்கும், காக்கா பார்த்துக்கிட்டு இருக்கும். 1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை'ன்னு எதைச் சொல்லுதுன்னு பாருங்க. பறவையோட முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்றதும் அதுக்குள்ள வருது.

அதனால இப்ப யாராவது படம் அனுப்பினா, நான் மூணு விஷயத்தை இதே வரிசைல பார்க்கிறேன்.

முதல்ல, அந்த உயிர் என்ன செய்யுது? இரை தேடுதா, இறகு கோதுதா, இல்ல நம்மளைப் பார்த்து மிரளுதா? "எவ்வளவு தூரத்துல நின்னே? நீ போனதும் அது என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டுடுவேன். பெரிய போட்டிகள்லயே இந்தக் கேள்வி உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சம்பந்தப்பட்ட போட்டியில, 2009ல முதல் பரிசு வாங்கின ஓநாய் படத்தை அடுத்த வருஷமே தகுதி நீக்கம் பண்ணாங்க. அது பழக்கப்பட்ட ஓநாயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நடுவர்கள் முடிவு பண்ணதுதான் காரணம்.

ரெண்டாவது, படத்துல எது நல்லா வந்திருக்குன்னு குறிப்பா சொல்றது. வெறும் 'சூப்பர்' கேட்க நல்லா இருக்கும், ஆனா அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. "கண்ணு துல்லியமா இருக்கு, தரையோட தரையா படுத்து எடுத்ததால பின்னணி மங்கி அழகா இருக்கு"ன்னு சொன்னா, அதையே அடுத்த தடவையும் செய்வாங்க.

மூணாவது, திருத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணு. "இறக்கை நுனி கலங்கியிருக்கு, ஷட்டர் ஸ்பீட் 1/500 பத்தாது, 1/2000 வச்சுப் பாரு." இல்லன்னா, "பறவை பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விட்டு க்ராப் பண்ணு." அஞ்சு குறையை அடுக்கினா, கேமரா அலமாரிக்குள்ள போயிடும்.

அன்னிக்கு தம்பிக்கு உடனே போன் பண்ணேன். திட்டல. "நான் சொன்னதுதான்டா தப்பு. அந்தப் பக்கம் இப்ப போகாத, இடத்தையும் யாருக்கும் சொல்லாத"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "நீங்க சொன்னதாலதாண்ணா போனேன்"னான்.

அந்த வார்த்தை இன்னும் மனசுல இருக்கு. புதுசா கேமரா பிடிக்கிறவங்க அடுத்த ஞாயிறு எங்க போய் நிக்கணும்னு நம்ம பதில்தான் சொல்லுது. உங்க போன்லயும் பதில் சொல்லாத படம் ஏதாவது இருக்கும். இன்னிக்கு அதைத் திறந்து, முதல்ல அந்தப் பறவையைப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.