காதுக்குள் ஒரு குரல்: குழந்தை உளநலச் சிகிச்சையாளர் பயிற்சியும் வீட்டுத் தமிழும்

உளநலத் துறையில் 'சான்றுசார் சிகிச்சை' எனும் தொடர் இன்று பரவலாக வழங்குகிறது. ஒப்பீட்டுக் குழுவை வைத்து நிகழ்த்திய ஆய்வுகளில் பயன் தருவதாக நிறுவப்பெற்ற முறைகளுக்கே இப்பெயர் உரியது. ஆனால் ஒரு முறை பயன் தரும் என ஆய்வேடு காட்டுவது வேறு. அதனைச் சாதாரண மருத்துவமனையில் பணியாற்றும் சிகிச்சையாளர் வழுவின்றிக் கையாளுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது பயிற்சி. அப்பயிற்சியில் மொழிக்கு உள்ள இடத்தைத் தமிழ் பேசும் குடும்பங்களை முன்வைத்து இங்கு விளக்க முற்படுகிறோம்.

பட்டறை ஒன்றில் கலந்துகொண்டு, கையேட்டைப் பெற்றுக்கொண்டு, சான்றிதழுடன் திரும்புவதே நீண்ட காலமாகப் பயிற்சி எனக் கருதப்பட்டது. பைடாசும் கெண்டாலும் பிறரும் 2012-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இக்கருத்தை அசைத்தது. குழந்தைகளின் பதற்றநோய்க்கான சிகிச்சையில் 115 சிகிச்சையாளர்களுக்கு மூன்று வகையாகப் பயிற்சி அளித்தனர். எவ்வகைப் பயிற்சி என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு விளையவில்லை. பயிற்சிக்குப் பின் எத்தனை மணிநேரம் வழிகாட்டுநரோடு கலந்துரையாடினர் என்பதே அவர்களது திறனோடு தொடர்புற்றிருந்தது. ஆசிரியப் பெருமக்களுக்கு இது வியப்பளிக்காது. வகுப்பின் பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்து கவனித்த அந்தச் சில பாடவேளைகளில் கற்றதை எந்த நூலிலும் நாம் கற்றதில்லை.

இக்கொள்கையைத் தன் அமைப்பிலேயே கொண்டிருப்பது பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. ஷீலா ஐபெர்க் 1970-களில் அமெரிக்காவில் உருவாக்கிய இம்முறை, கட்டுக்கடங்காத நடத்தையுடைய, ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. பெற்றோரும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவர். சிகிச்சையாளர் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னிருந்து, பெற்றோரின் காதில் பொருத்திய சிறு கருவி வழியாக, அவ்வப்போதே சொல் எடுத்துக் கொடுப்பார். முதற்கட்டத்தில் விளையாட்டை நடத்துவது குழந்தை. பெற்றோர் அதன் செயலை வருணிக்க வேண்டும். அது சொன்னதை எதிரொலிக்க வேண்டும். எச்செயலுக்காகப் பாராட்டுகிறோம் என்பதைச் சுட்டிப் பாராட்ட வேண்டும். கேள்வி, கட்டளை, குறைகூறல் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வருணனை 10, எதிரொலி 10, செயல் சுட்டும் பாராட்டு 10. தவிர்க்க வேண்டியவை அனைத்தும் சேர்ந்து மூன்றைத் தாண்டலாகாது. இந்த அளவை எட்டிய பின்னரே, கட்டளையிடுதலும் கீழ்ப்படிதலும் பற்றிய இரண்டாம் கட்டம் தொடங்கும்.

சிகிச்சையாளருக்கும் இவ்வாறே. ஏறத்தாழ 40 மணிநேரப் பயிற்சியோடு அமையாமல், குறைந்தது இரண்டு குடும்பங்களை வழிகாட்டுநரின் கண்காணிப்பில் இறுதிவரை நடத்திச் செல்ல வேண்டும். பெற்றோர் எட்ட வேண்டிய அளவைத் தாமும் குழந்தையோடு விளையாடி எட்டிக் காட்ட வேண்டும். பெற்றோர் உதிர்க்கும் ஒவ்வொரு தொடரும் வருணனையா, எதிரொலியா, கேள்வியா என அக்கணமே வகைப்படுத்திக் குறிக்கவும் பழக வேண்டும்.

தமிழுக்கு இடர் எழுவது இங்குதான். சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சி ஒன்றுக்காக எடுத்துக்காட்டு உரையாடல்கள் சிலவற்றைத் தமிழாக்கித் தருமாறு நம்மிடம் கேட்டனர். எளிய பணி என எண்ணி இரண்டே நாளில் முடித்தளித்தோம். குழந்தை "வண்டி போவுது" என்கிறது, தாய் "ஓ, வண்டி போவுதா!" என்று எதிரொலிக்கிறாள். எந்தத் தமிழ்த் தாயும் இப்படித்தான் சொல்வாள் என்பதில் நமக்கு ஐயமில்லை. தமிழறிந்த சிகிச்சையாளர் ஒருவர் அதனைப் படித்துவிட்டு, நாம் எழுதிய எதிரொலிகளில் பெரும்பாலானவை இம்முறையின்படி கேள்விகள் என்றார். ஆங்கிலத்தில் குரலின் ஏற்றம் எதிரொலியைக் கேள்வியாக்கிவிடும் எனப் பயிற்சியாளர்கள் எச்சரிப்பர். தமிழில் அவ்வேலையைச் செய்வது ஈற்று ஆகாரம். இலக்கணம் பயிற்றுவிக்கும் நமக்கே இது தோன்றவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். "ஆமா, வண்டி போவுது" என்றோ, தேற்ற ஏகாரம் இட்டு "வண்டி போவுதே!" என்றோ பின்னர்த் திருத்தினோம்.

இதனைச் சொல்லாராய்ச்சி என ஒதுக்கிவிட இயலாது. ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி பெற்றவர் தமிழ்த் தாயின் 'போவுதா'வை எதிரொலி எனக் குறித்தால் அளவு பொய்யாகிவிடும். கேள்வி எனக் குறித்தால், இயல்பாகப் பேசும் தாய் வாரந்தோறும் தோற்றுக்கொண்டே இருப்பாள். அவளை நாம் 'ஒத்துழையாப் பெற்றோர்' என்போம். சில வாரங்களில் அவள் வருவதை நிறுத்திவிடுவாள். குழந்தையும் அவளோடு போய்விடும்.

இரண்டாம் கட்டத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. கட்டளை நேரடியாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் கனிவாகப் பேசும் தந்தை "இங்க வரியா?" என்பார். குழந்தை "மாட்டேன்" என்றால் அது கேட்ட கேள்விக்கு நேர்மையான விடையே, கீழ்ப்படியாமை அன்று. கனிவை இழக்காமல் "இங்க வாய்யா" எனச் சொல்லப் பழக்குவது சிகிச்சையாளரின் கடமை. அதற்கு அச்சொல் அவர் நாவிலும் இருக்க வேண்டும்.

பாராட்டு இன்னும் கடினம். குழந்தையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும் எனும் அச்சம் பாட்டிமாரிடம் மட்டும் இருப்பதன்று. புகழ்ந்தாலும் 'கெட்டிக்காரன்', 'நல்ல பிள்ளை' எனப் பொதுவாகப் புகழ்வரேயன்றி, "தம்பிக்கும் கட்டைய குடுத்தியே, ரொம்ப நல்லாருக்கு" எனச் செயலைச் சுட்டுவது அரிது. "பொம்மையைப் பகிர்ந்துகொண்டமைக்காக உன்னைப் பாராட்டுகிறேன்" என எழுத்துத் தமிழில் ஒரு கையேடு எழுதினால், அதனை எந்த வீட்டிலும் எவரும் சொல்லப்போவதில்லை. நாம் முதலில் எழுதியதும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.

பிற சமூகங்கள் இவ்வழியில் முன்னரே நடந்துள்ளன. மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்களுக்கென இம்முறையைத் தழுவி அமைத்த மெக்கேபும் யேயும் 2009-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தழுவிய வடிவம் வழக்கமான சேவையை விஞ்சியது. மூல வடிவத்தோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பண்பாட்டுத் தழுவல் அனைத்தையும் தீர்த்துவிடும் என்போர் இப்பிற்பகுதியையும் சேர்த்தே படித்தல் வேண்டும். எம் கருத்தில், மாற்ற வேண்டியது சிகிச்சையின் எலும்புக்கூடு அன்று. எத்தொடரை எவ்வகையில் சேர்ப்பது என்பதற்குத் தமிழில் ஒரு தெளிவான வரையறை வேண்டும். அவ்வரையறையைக் கொண்டு, தமிழ் பேசும் வழிகாட்டுநர் ஒருவர் கண்ணாடிக்குப் பின் அமர வேண்டும்.

அதற்கு வேண்டிய தரவு நம் மாணவர் வீடுகளிலேயே உள்ளது. பெற்றோர் இசைவோடு, குழந்தைகளோடு அவர்கள் விளையாடும் ஐந்து நிமிடப் பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, தொடர்தொடராக வகைப்படுத்துவது இளங்கலை மாணவரும் செய்யக்கூடிய மொழியியற் பணி. உளவியல் துறைக்கு அது கருவியாகும். அச்சிகிச்சையாளரும் நாமும் இப்போது சில பக்கங்களை இவ்வாறு வகைப்படுத்தி வருகிறோம். பெரும்பாலானவற்றில் உடன்பட்டுவிட்டோம். கட்டைகளை உயரமாக அடுக்கிய மகனைப் பார்த்துத் தந்தை சொல்லும் "பரவால்லியே!" என்பது மட்டும் பாராட்டா, இல்லையா என இன்னும் முடிவாகவில்லை.