பழைய கைக்கருவிக்குப் புதிய இயக்குதளம் வேண்டுமா?

நமது சங்கங்களின் மேசைமீது இன்று பேரேடும் ரசீதுப் புத்தகமும் மட்டும் இல்லை; உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்றும் இருக்கிறது. நூல் வழங்கல், துணி வரவு, கூலிப் பட்டுவாடா, உர விற்பனை, தவணை வசூல் ஆகிய பலவும் அதன் வழியே பதிவாகின்றன. அது சில ஆண்டுகள் உழைத்தபின் ஒரு நாள், "புதிய பதிப்பு வந்துள்ளது, ஏற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. காரியதரிசி திகைக்கிறார். ஏற்றுவதா, விடுவதா? இக்கேள்வியை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் நமது பிழையொன்றைக் கூறிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் பட்டினப்பாக்கத்தில் ஒரு சிறு சிக்கன நாணயச் சங்கத்தைத் தணிக்கை செய்தோம். கடற்கரையில் மீன் எடுத்து, சாந்தோம், மயிலாப்பூர்த் தெருக்களில் விற்கும் பெண்களே அதன் அங்கத்தினர்களில் பெரும்பாலோர். அவர்கள் நாள்தோறும் செலுத்தும் தவணையை வசூலிப்பவர் ஒரு கைக்கருவியில் பதிந்து, இடுப்பில் தொங்கும் சிறு அச்சுப்பொறியில் சீட்டு எடுத்துத் தருவார். கருவியில் ஆண்ட்ராய்டு ஐந்தாம் பதிப்பு இருக்கக் கண்டு, "இயக்குதளம் பழையது, புதுப்பிக்க வேண்டும்" என்று குறிப்பெழுதினோம். எப்போது, எப்படி என்று எழுதவில்லை.

காரியதரிசி குறிப்பை மதித்து அன்றிரவே ஆறாம் பதிப்பை ஏற்றினார். இடம் போதவில்லை என்று கருவி சொல்லவே, சில கோப்புகளை அழித்தார். மைய ஏட்டுக்கு அனுப்பப்படாதிருந்த ஒரு நாளைய வசூல் பதிவும் அவற்றுடன் போயிற்று. மறுநாள் அச்சுப்பொறியும் இணைய மறுத்தது. அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேட வேண்டுமானால், இருப்பிடம் அறியும் அனுமதியும் செயலிக்கு வேண்டும் என்னும் விதி 2015-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில்தான் புகுந்தது. ஐந்தாம் பதிப்புக்கென எழுதிய வசூல் செயலி அதனை அறியாது. வசூலிப்பவரிடம் ஒரு மூதாட்டி, "சீட்டு இல்லாம காசு குடுத்தா நாளைக்கு யாரு சாட்சி?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடமும் விடை இல்லை.

இயக்குதளம் என்பது யாது?

நெசவாளருக்கு இதை எளிதில் விளக்கலாம். கருவி தறி மேடை என்றால், இயக்குதளம் அதன்மேல் நிறுத்திய தறிச் சட்டம்; செயலிகள் அச்சட்டத்தில் ஏற்றும் ஜக்கார்டு அட்டைகள். சட்டத்தின் அளவு மாறினால் பழைய அட்டை பொருந்தாமற் போகலாம். மேடை வலுவற்றதாயின் கனத்த சட்டத்தைத் தாங்காது. உழவர் வேறு வகையில் அறிவர்: புதிய ரகம் விளைச்சல் தரும், ஆயின் அதிக நீரும் உரமும் கேட்கும். புதிய பதிப்பும் அதிக நினைவகமும் மின்கலமும் கேட்கிறது.

ஏற்றுவதற்குரிய காரணங்கள்

முதற்காரணம் பாதுகாப்பு. 2017 மார்ச்சு மாதம் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பிணைப்பணத் தீநிரல் அதே ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. திருத்தம் கையிலிருந்தும் ஏற்றாதவர்களே பெரிதும் இழந்தனர். நம் நாட்டிலும், ஆதரவு முடிந்த இயக்குதளத்தில் ஓடிய பணம் வழங்கும் இயந்திரங்களையெல்லாம் 2019 ஜூன் மாதத்திற்குள் மாற்றிவிடும்படி ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. அவற்றுள் பல விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடின. அதற்குரிய ஆதரவோ 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது, செயலிகள் பழைய பதிப்பைக் கைவிடுகின்றன. 2023 அக்டோபர் முதல் ஐந்துக்குக் கீழ்ப்பட்ட ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை.

மூன்றாவது, நம் மொழி. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றியதையும், கொம்பு எழுத்தின் பின்னால் போய் நின்றதையும் பலர் நினைவில் வைத்திருப்பர். இயக்குதளம் மாறியதால் தீர்ந்த குறை அது. அங்கத்தினர் பெயர் பிழையின்றி அச்சாவது சிறிய நன்மையன்று.

ஏற்றாமைக்குரிய காரணங்கள்

புதியது எப்போதும் பழைய கருவிக்கு நன்மையே செய்யும் என்பதற்கில்லை. 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்திற்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங் நிறுவனத்திற்கு ஐம்பது இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. தாங்கவியலாத பழைய கருவிகளில் புதிய பதிப்பை ஏற்றும்படி தூண்டி, அவற்றின் செயல்திறன் குறையச் செய்தன என்பது குற்றச்சாட்டு. தேய்ந்த மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தை ஒரு புதுப்பிப்பின் மூலம் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

மேலும், ஏற்றியபின் பழைய பதிப்புக்குத் திரும்புதல் பெரும்பாலான கருவிகளில் எளிதன்று. அச்சுப்பொறி, கைரேகைக் கருவி போன்ற துணைக்கருவிகள் பொருந்துமா என்பதும் ஏற்றிப் பார்க்கும்வரை தெரிவதில்லை.

முடிவு செய்யும் முறை

ஆகவே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே விடை கூறுவதற்கில்லை. கீழ்க்கண்ட முறையைச் சங்கங்கள் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பாதுகாப்புத் திருத்தம் வேறு, முழுப் பதிப்பு மாற்றம் வேறு என்று பிரித்தறிக. திருத்தம் ஓட்டுக்கூரையில் ஒழுகும் ஓட்டை மாற்றுவது போன்றது, தாமதியாது ஏற்றலாம். பதிப்பு மாற்றம் கூரையையே பிரித்து வேய்வது. யோசித்தே செய்ய வேண்டும்.

இரண்டாவது, செயலி எழுதித் தந்தவரிடம், "புதிய பதிப்பில் இது இயங்குமா? எங்கள் அச்சுப்பொறி இணையுமா?" என்று எழுத்தில் விடை பெறுக.

மூன்றாவது, எல்லாப் பதிவுகளையும் மைய ஏட்டுக்கு அனுப்பி, ரொக்கத்தோடு ஒப்பிட்டு, நகலெடுத்தபின்னரே கருவியைத் தொடுக.

நான்காவது, பல கருவிகள் இருப்பின் ஒன்றில் மட்டும் ஏற்றி ஒரு வாரம் நடத்திப் பார்க்க. ஒன்றே இருப்பின் கூலிப் பட்டுவாடா, கொள்முதல், ஆண்டிறுதிக் கணக்கு ஆகியவை நெருங்காத நாளாகப் பார்த்துச் செய்க. வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று எப்போதும் கையிலிருக்கட்டும்.

ஐந்தாவது, தயாரிப்பாளர் திருத்தம் வழங்குவதையே நிறுத்திவிட்டாரெனில், அக்கருவியில் வங்கிக் கணக்கையும் பணப் பரிமாற்றச் செயலியையும் வைத்திராதீர். படமெடுக்கவும் இருப்பு எண்ணவும் அது இன்னும் பயன்படும். பணத்தைக் கையாளும் வேலைக்குப் புதுக் கருவி வாங்க நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுக. வெளியார் ஆக்கிய இயக்குதளத்தை ஏற்றலாமே என்று இளைஞர் சிலர் கூறுவர். அத்தகைய கருவியில் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும் என்பதை அறிந்துகொள்க.

பட்டினப்பாக்கத்துக் கணக்கு

அச்சங்கத்தின் கதையை முடித்துவிடுவோம். திருத்திய செயலி வரும்வரை மூன்று நாள் கையெழுத்துச் சீட்டே வழங்கப்பட்டது. அழிந்துபோன நாளின் மொத்த வசூல் அன்றே வங்கியில் கட்டப்பட்டிருந்ததால் தொகை தெரிந்திருந்தது. யார் யார் எவ்வளவு கட்டினர் என்பதே தெரியவில்லை. சீட்டு வைத்திருந்தோர் கொண்டுவந்து காட்டினர். சீட்டைத் தொலைத்தவர்களை நிர்வாகக் குழு ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் சொன்ன தொகையை அப்படியே எழுதிக்கொண்டது. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது வங்கியில் கட்டிய தொகையைவிட ஐம்பது ரூபாய் குறைந்தது. ஒருவரும் கூட்டிச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் தாம் கட்டியதை மறந்திருந்தார். அந்த ஐம்பது ரூபாயை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்தோம்.

இத்தகைய அங்கத்தினரின் பணத்தைக் காப்பதற்கே கருவியும் இயக்குதளமும் உள்ளன. புதுமைக்கு அஞ்சி விலகுவதும் தகாது. கருவி கேட்டவுடன் விரலை வைப்பதும் தகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, மேற்கண்ட ஐந்து விஷயங்களையும் ஆலோசித்து, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். இனித் தணிக்கைக் குறிப்பில் 'புதுப்பிக்க வேண்டும்' என்று எழுதும்போது, எப்போது, எப்படி என்பதையும் நாம் சேர்த்தே எழுதுவோம்.