சில்லே, நீ யார் வீட்டுப் பிள்ளை?

ஊர்ல "நீ யாருப்பா?"ன்னு கேட்டா முதல்ல நம்ம பேரு, புரியலைன்னா அப்பா பேரு, அதுவும் புரியலைன்னா தெருப் பேரு. இங்க கிரெய்கிபர்ன்ல அப்படிக் கேக்க ஆளில்லை. லினக்ஸ் கெர்னல் மட்டும் இன்னும் கேக்குது!

டிவைஸ் ட்ரீ கோப்புல 'கம்பாட்டிபிள்'னு ஒரு வரி இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் சில்லுன்னா முதல்ல "சைஃபைவ்,யு54" மாதிரி சொந்தப் பேரு, கடைசில "ரிஸ்க்-ஃபைவ்"னு குலப் பேரு. சொந்தப் பேரு தெரியலைன்னாலும் பரவாயில்லை. குலப் பேரை விட்டீங்கன்னா, ஒத்துவராத சிபியுன்னு கெர்னல் கழட்டி விட்டுடும்.

இதைவிடச் சிக்கலானது பக்கத்து வரி 'ஐஎஸ்ஏ'. சில்லுக்கு என்னென்ன கட்டளை தெரியும்னு சொல்றது. சென்னை ஐஐடியோட சக்தி சில்லு 2018ல லினக்ஸ் ஓட்டினப்ப, 'ஐ'ங்கிற ஒரே எழுத்துல சிஎஸ்ஆர் கட்டளைகளும் அடக்கம். 2019 விவரக்குறிப்புல அதைத் தனியாப் பிரிச்சுட்டாங்க. எழுத்து அதேதான், அர்த்தம் வேற!

பழைய போர்டுகள் படுத்துடக் கூடாதுன்னு, அந்த வரியை கெர்னல் பழைய அர்த்தத்துலயே படிக்குது. 2023ல ஒவ்வொரு நீட்சியையும் தனித்தனியா பேர் சொல்லி எழுதற முறை வந்துச்சு.

கெர்னலைப் புதுப்பிக்கலாம் மக்கா. போர்டுக்குள்ள எழுதி வித்த கோப்பை யாரு தேடிப் போய்த் திருத்தறது? வெக்கும்போதே பேரை யோசிச்சு வெக்கணும்.