குளத்து நீரும் குழந்தைகளின் கண்களும்

கண்ணோய் என்பது தேகபலம் குன்றியவர்க்கே வருவதென எண்ணுதல் கிராமங்களில் வழக்கம். ஆயினும், நல்ல சுகத்துடன் ஓடியாடித் திரியும் சிறுவர் சிறுமியரின் கண்ணையும் குளத்து நீரில் வாழும் ஒரு நுண்புழு கெடுக்கக்கூடும் என்பது தமிழ்நாட்டிலேயே தெரியவந்த விஷயமாகும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் பழக்கமுள்ள குழந்தைகள் பலர், கண்ணில் சிறு கட்டியுடன் வந்தனர். இது குறித்து அங்குள்ள வைத்தியர்கள் 2001-ஆம் ஆண்டிலேயே எழுதினர். பின்னர் அக்கட்டிகளையும், குழந்தைகள் குளித்த நீரிலிருந்த நத்தைகள் வெளிவிட்ட புழுக்குஞ்சுகளையும் ஒப்பிட்டுச் சோதித்ததில், புரோசிரோவம் வேரியம் என்னும் தட்டைப்புழுவே காரணமென 2016-இல் வெளியிடப்பட்டது.

இப்புழுவின் வாழ்க்கை வட்டம் கவனிக்கத்தக்கது. மீன் தின்னும் பறவைகளின் குடலில் வளர்ந்து, எச்சத்தின் வழியே முட்டைகள் நீரிற் சேர்கின்றன. அங்கே நீண்டு கூர்த்த ஓடுடைய நன்னீர் நத்தை அதற்கு இடங்கொடுக்கிறது. நத்தையினின்று வெளிப்படும் குஞ்சுகள் மீனை நாடுகின்றன. மீனைப் பறவை உண்கிறது. மனிதன் இவ்வட்டத்தில் சேர்ந்தவனல்லன். நீரில் மூழ்கி விளையாடும் குழந்தை தற்செயலாக அகப்பட்டுக் கொள்கிறது.

கண் சிவத்தல், நீர் வடிதல், வெண்விழியில் சிறு முடிச்சு, கருவிழியின் பின்னே முத்துப் போன்ற வெண்புள்ளி ஆகியவை இதன் குறிகளாம். கட்டி சிறிதாயின் மருந்தினாலேயே தணியும். பெரிதாயின் சஸ்திர சிகிச்சை வேண்டும். தாமதித்தால் பார்வைக்கே பங்கம் நேரலாம். ஆகையால் பச்சிலைச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விட்டு நாளைக் கழிக்காமல், உடனே கண் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். குழந்தை எந்த நீரில் குளித்ததென்பதையும் சொல்லுதல் நலம்.

வடலூரைச் சூழ்ந்த கிராமங்களிலும், பெருமாள் ஏரி, வீராணம் ஏரிப் பாசனப் பகுதிகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நீர்நிலைகள் நிரம்பும். நாரையும் கொக்கும் வந்திறங்கும். இந்நோய் இவ்விடங்களில் உண்டெனப் பீதி கொள்ளவேண்டுவதில்லை. எனினும் நத்தை மலிந்து, பாசி படர்ந்து, பறவைகள் கூடும் குட்டைகளில் குழந்தைகளை இறங்கவிடாதிருத்தல் விவேகம்.

பம்புசெட்டு உடைய நிலக்காரர்கள், அண்டை வீட்டுக் குழந்தைகளும் தம் தொட்டியில் குளிக்க இடங்கொடுத்தல் பேருபகாரமாகும். தொட்டியை அடிக்கடி வடித்து, பாசியையும் நத்தையையும் தேய்த்தகற்ற வேண்டும். குளிக்கும் துறையருகே உள்ள நீர்ப்பூண்டுகளை ஊரார் கூடிக் களைந்தால் நத்தைக்குப் புகலிடம் குறையும். ஒரே குளத்தில் குளித்த குழந்தைகள் இருவர் மூவர்க்குக் கண்ணோய் கண்டால், கிராம அதிகாரிகள் அதைத் தனித்தனி வியாதியாகக் கருதாது, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே தெரிவித்தல் கடமையாகும்.